நோவைப் பொறுக்காதேங்கோ, அம்மா

எங்கள் தீவுப்பகுதியில் நோவைப் பொறுப்பது ஒரு பெருமை. பிள்ளைப்பேற்று நோ, கடலுக்குப் போனவர் திரும்பாத இரவு, 1990களின் தொடக்கத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு இடம்பெயர்ந்த நாட்கள் எல்லாவற்றையும் பொறுத்த தலைமுறை இப்போது எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தலைமுறைப் பெண்கள்தான் இன்று முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் போகிறார்கள். போகும்போது அந்தப் பொறுமையையும் கூடவே கொண்டுபோகிறார்கள். "நோகுதோ அம்மா?" என்றால், "பரவாயில்லை பிள்ளை" என்பார்கள்.

அந்தப் "பரவாயில்லை"தான் புது முழங்காலுக்கு எதிரி. என் அம்மாவைப் பராமரித்த காலத்தில் எனக்கு நன்றாக விளங்கிய விசயம் இது. அம்மா புங்குடுதீவில் இருக்கிறார். வலது முழங்கால் மாற்றி ஒரு வருடம் தாண்டிவிட்டது, நன்றாக நடக்கிறார். நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் இருக்கும் உறவுக்காரர் சிலர் இப்போது அதே சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுத்துவிட்டு, "நோவை எப்படிச் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், அம்மா அப்பாவைத் தீவில் விட்டுவிட்டு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்து கவலைப்படும் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. மருந்தின் பெயரும் அளவும் உங்கள் வைத்தியர் எழுதித் தருவதுதான். அதை ஏன் அப்படிக் குடிக்கவேண்டும், தீவு வாழ்க்கையில் எப்படிக் குடிக்கவேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முழங்கால் மாற்றம் என்றால் முழுக்காலையும் கழற்றிப் பூட்டுவது என்று இன்னமும் சிலர் பயப்படுகிறார்கள். தொடை எலும்பின் கீழ் நுனியிலும் கணைக்கால் எலும்பின் மேல் நுனியிலும் தேய்ந்த பரப்பை மில்லிமீற்றர் கணக்கில் சீவி எடுத்து, மேலே கோபால்ட்-குரோமியக் கலப்புலோகத்தில் ஒரு தொப்பி, கீழே ஒரு உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவில் பொலிஎதிலீன் துண்டு ஒன்று வைக்கிறார்கள். இன்று உலகம் முழுக்கப் பொருத்தப்படும் மூட்டுகளின் மூல வடிவம் 1974இல் நியூயோர்க்கில் உருவானது. அதை உருவாக்கிய குழுவில் ஜோன் இன்சோலோடு சித்தரஞ்சன் ரணாவத் என்ற இந்தியரும் இருந்தார். பிறகு 2000ஆம் ஆண்டிலும் 2001ஆம் ஆண்டிலும் மும்பை பிறீச் கண்டி வைத்தியசாலையில், அப்போது இந்தியப் பிரதமராக இருந்த வாஜ்பாயின் இரண்டு முழங்கால்களையும் மாற்றியவரும் இந்த ரணாவத்தான். வாஜ்பாய்க்கு அப்போது வயது 75ஐத் தாண்டியிருந்தது. "இந்த வயதில் எனக்கு எதுக்கு" என்று சொல்லும் ஆச்சிமாருக்கு நான் இந்தக் கதையைச் சொல்வேன்.

மூட்டு நீண்ட காலம் உழைக்கும். 2019இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்றங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 82, இருபத்தைந்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கின்றன. உலோகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்படவேண்டியது முதல் ஆறு கிழமையைப் பற்றி.

ஏன் ஆறு கிழமை? வெட்டிய இடமெல்லாம் உடம்பு தழும்புத் திசுவால் மூடிக்கொண்டு வரும் காலம் அது. அந்த நேரத்தில் முழங்காலை மடக்கி நீட்டினால் தழும்பு இழுபடக்கூடியதாக ஆறும். மடக்காமல் வைத்திருந்தால் இறுகிப்போகும். சாதாரணமாக நடக்க ஏறக்குறைய 65 பாகை மடிய வேண்டும். படியேற 85, கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்ப 95 பாகை அளவில் தேவை. நோ இருந்தால் யாரும் மடக்கமாட்டார்கள். மடக்காத கால் இறுகும், இறுகிய காலை மடக்கப் போனால் இன்னும் நோகும். மிகவும் இறுகிவிட்டால் மறுபடி மயக்க மருந்து கொடுத்து, வைத்தியரே காலை அழுத்தி மடக்கவேண்டி வரும். நோவைப் பொறுத்துக்கொண்டு படுத்திருப்பவர் உண்மையில் தன் முழங்காலைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்கு இதுதான் நடக்கப் பார்த்தது. கால் அறுபது பாகைக்கு மேல் மடியமாட்டேன் என்று நின்றது. பயிற்சி சொல்லித்தந்த இயன்மருத்துவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா பனடோல் குடிக்கிறாவோ?" என்று என்னைத்தான் கேட்டார். குடிக்கிறா என்றேன். தலையணை உறையை மாற்றும்போதுதான் தெரிந்தது, பாதிக் குளிசை அதற்குள் இருந்தது. கேட்டதற்கு, "மருந்து கூடினால் கிட்னி பழுதாப் போடும் எண்டு சொல்லுறவை. இதென்ன பெரிய நோவே, நான் பொறுப்பன்" என்றார். நான் கோபிக்கவில்லை. அந்தப் பயத்துக்குள் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி பொய் என்று பிரித்துச் சொல்லாமல் கோபித்தால், அடுத்த முறை குளிசை தலையணைக்குள் அல்ல, முற்றத்தில் போய்க் கிடக்கும்.

பனடோலில் இருந்தே தொடங்குகிறேன். காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் குடிக்கும் சாதாரணக் குளிசை என்று நாங்கள் அதை மதிப்பதில்லை. ஆனால் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோத்தடுப்பின் அத்திவாரமே பரசிற்றமோல்தான். நோ வந்த பிறகு குடிப்பதற்கும், நோ ஏறுமுன் மணிக்கணக்குப்படி குடிப்பதற்கும் பெரிய வித்தியாசம். நோ உச்சத்துக்குப் போனபின் குளிசை போட்டால், அது வேலைசெய்யத் தொடங்க அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் ஆகும். அதற்குள் பயிற்சி நேரம் போய்விடும், நித்திரையும் போய்விடும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் எட்டுக்கு மேல் போகவே கூடாது என்பது பொதுக்கணக்கு. ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இதிலும் குறைக்க வேண்டும். எங்கள் ஆச்சிமாரில் ஐம்பது கிலோ தாண்டாதவர்கள் எத்தனையோ பேர், ஆகவே நிறையைச் சொல்லி வைத்தியரிடம் அளவு கேளுங்கள். தடிமன் குளிசைகள் பலவற்றுக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் குடித்துவிட வேண்டாம். சரியான அளவில் குடிக்கும் பனடோல் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. அம்மாவின் பயத்தில் இது பொய்யான பாதி.

உண்மையான பாதி அடுத்த வகை மருந்துகளில் இருக்கிறது. டைக்ளோபெனக், ஐபுபுரொபன், செலிகொக்சிப் போன்றவை வீக்கத்தையும் நோவையும் சேர்த்துக் குறைப்பவை. முழங்காலுக்கு மிகவும் நல்லவை, குறுகிய காலத்துக்கு. இரைப்பைப் புண், இதய நோய், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்தானவை. பிறசருக்கு லொசாட்டான் அல்லது எனலாபிறில் குடிப்பவர், அதோடு சலம் போகும் குளிசையும் குடிப்பவர், அதற்கு மேல் டைக்ளோபெனக்கும் குடித்தால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை நெருக்கும். உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தால் இன்னும் மோசம்.

தண்ணீர் ஏன் குறைகிறது? இங்கேதான் நான் தீவு வீடுகளைப் பற்றிப் பேசவேண்டும். எங்கள் பழைய வீடுகளில் மலசலகூடம் வளவின் பின்பக்கம், வீட்டிலிருந்து தள்ளி இருக்கும். அதுவும் குந்தியிருக்கும் வகை. புது முழங்காலோடு வோக்கரைப் பிடித்து மணலில் நடந்து, அங்கே போய்க் குந்த முடியாமல் தவித்து, திரும்பி வருவது ஒரு பெரிய யாத்திரை. அந்த யாத்திரையைக் குறைக்க எங்கள் பெண்கள் ஒரு வழி கண்டுபிடிப்பார்கள்: தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். பகல் முழுக்கத் தேத்தண்ணி ஒன்றோடு இருப்பார்கள். யாருக்கும் சொல்லமாட்டார்கள். தண்ணீர் குறைய மலச்சிக்கல் வரும், தலைசுற்று வரும், மேலே சொன்ன குளிசைகளோடு சேர்ந்து சிறுநீரகத்துக்கும் கேடு வரும். நல்ல தண்ணீரையே விலைக்கு வாங்கவோ தூரத்தில் இருந்து எடுத்துவரவோ வேண்டிய இடங்கள் தீவுகளில் இருப்பது இதை இன்னும் கூட்டுகிறது.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் நோமருந்து, கொமட் கதிரை. சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவுடன் அதை வாங்குங்கள், அல்லது இரவல் எடுங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். கைபிடி உள்ள, உயரமான கதிரை. இரவில் தடுக்கி விழாமல் இருக்க ஒரு சின்ன வெளிச்சம். வெளிநாட்டுப் பிள்ளைகளே, அம்மாவுக்கு நீங்கள் அனுப்பும் காசில் முதலில் வாங்கவேண்டியது இது. வெளிநாட்டுக் குளிசை அனுப்புவது கடைசி வேலை, அனுப்பாமல் விட்டால் இன்னும் நல்லது. அங்கே உங்களுக்கு எழுதித் தந்த கடும் நோமருந்தைப் பயணப் பெட்டியில் கொண்டுவந்து எழுபது வயது அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள்.

கடும் மருந்து என்றவுடன் மோர்பின் குடும்பம் நினைவுக்கு வரும். வாட்டில் முதல் ஓரிரு நாட்களுக்கு ஊசியாகக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வரும்போது சிலருக்கு ட்ரமடோல் அல்லது கோடீன் தருவார்கள். அடிமையாகிவிடுவோம் என்ற பயத்தில் முதல் நாளே நிறுத்துவதும் பிழை, நன்றாக நித்திரை வருகிறதென்று மாதக்கணக்கில் குடிப்பதும் பிழை. சில நாட்கள், நோ கூடிய நேரங்களுக்கு, வைத்தியர் சொன்ன திகதி வரை. ஓங்காளம், தலைசுற்று, மலச்சிக்கல் மூன்றும் இவற்றால் வரும். மலமிளக்கியையும் சேர்த்தே எழுதித் தரும்படி வாட்டிலேயே கேளுங்கள். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் நாளில் இதைக் குடித்துவிட்டுப் படகேறுவது நல்லதல்ல. அதை நேரத்தோடு யோசித்து, அன்றைக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று வைத்தியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரவைப் பற்றி ஒன்று. முள்ளந்தண்டில் மரக்கச்செய்யும் ஊசி போட்டு, சிலவேளை தொடையிலும் நரம்புக்கு ஊசி போட்டு, மூட்டைச் சுற்றியும் மருந்து செலுத்திச் சத்திரசிகிச்சை செய்வார்கள். அதனால் அன்றைக்கு நோ பெரிதாகத் தெரியாது. "இவ்வளவுதானா" என்று எல்லோரும் சந்தோசப்படுவார்கள். ஊசியின் பலம் இறங்கும்போது நோ ஒரேயடியாக ஏறும். ஊசி விடுமுன்னரே குளிசை உள்ளே போயிருக்கவேண்டும். நோ இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் குளிசையை வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள். இதை முன்கூட்டித் தெரிந்திருந்தால், மறுநாள் காலை "ஏதோ பிழைச்சுப் போச்சு" என்ற பயம் இருக்காது. பயம் நோவைக் கூட்டும். நோவைப் பற்றி முன்பே விளங்கியிருப்பவருக்கு அது குறைவாகவே தெரியும் என்பதை அம்மாவிடமும், பக்கத்துக் கட்டில்காரரிடமும் கண்ணால் பார்த்தேன்.

நேர்ஸ் வந்து, பூச்சியத்தில் இருந்து பத்துக்குள் உங்கள் நோ எத்தனை என்று கேட்பார். எங்கள் ஆட்களுக்கு அது சரிவருவதில்லை. பத்து என்றால் சத்தம்போடுகிறோம் என்று நினைப்பார்கள் என்று கூச்சப்பட்டு மூன்று என்பார்கள். நான் வேறு கேள்வி கேட்கப் பழகினேன். இரவு எத்தனை முறை முழிச்சனீங்கள்? காலை நீட்ட ஏலுதோ? கொமட்டுக்குப் போக மனம் வருதோ? எரியுதோ, உளையுதோ, குத்துதோ? பதிலைக் கேட்டு நானே நேர்சிடம் சொல்வேன். உளைவும் இறுக்கமும் வீக்கத்தின் நோ, ஐஸுக்கும் குளிசைக்கும் கேட்கும். எரிவு, மின்னடித்தது போன்ற குத்து, துணி பட்டாலே தாங்காத தன்மை நரம்பின் நோ. அதற்கு மருந்தே வேறு, வைத்தியரிடம் தனியாகச் சொல்லவேண்டும். தழும்பின் வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போய் இருப்பது மட்டும் பயப்படவேண்டியதல்ல. வெட்டும்போது அங்குள்ள சிறிய தோல் நரம்பு அறுபடுவதால் வருவது, அனேகருக்கு உண்டு.

குளிசைக்குச் சமமானது ஐஸ். சின்னப் பொலித்தீன் பைகளில் தண்ணீர் கட்டிப் பிரிட்ஜில் உறையவைத்து, துவாயில் சுற்றி, பதினைந்து இருபது நிமிடம், ஒரு நாளில் பல தடவை. பயிற்சி முடிந்தவுடன் கட்டாயம். நேரடியாகத் தோலில் வைக்கவேண்டாம். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இடையிடையே துவாயை விலக்கித் தோலைப் பாருங்கள். "குளிர் பட்டால் வாதம் வரும், நொச்சியிலை வதக்கி ஒத்தடம் குடு" என்று வருகிற மாமிமார் எல்லாரும் சொல்லுவார்கள். தேய்ந்த பழைய முழங்காலுக்கு ஒத்தடம் சுகம்தான். புதுக்காயம் உள்ள, வீங்கிய, சுடுகிற மூட்டுக்கு முதல் கிழமைகளில் சூடு வேண்டாம்.

எண்ணெய் போட்டு உருவுவது இதைவிட ஆபத்து. எங்களிடம் முறிவு நெரிவு பார்க்கும் பரம்பரை வைத்தியத்துக்கு நல்ல பெயர் உண்டு, எனக்கும் அதில் மரியாதை உண்டு. ஆனால் முழங்கால் மாற்றியவரின் கெண்டைக்காலை உருவக் கூடாது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு காலின் ஆழ நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு இருக்கிறது. உறைந்த கட்டி இருக்கும் காலை அழுத்தி உருவினால் அது கழன்று நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். தையல் ஆறாத காயத்தில் எண்ணெய் பட்டால் கிருமி வேறு. தையல் பிரித்து, காயம் முழுதாக மூடி, வைத்தியர் சரி என்ற பிறகு தழும்பின் மேல் மெதுவாகத் தடவிக்கொள்ளலாம்.

படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கவேண்டாம். சுகமாக இருக்கும், அதனால்தான் எல்லோரும் வைக்கிறார்கள். ஆனால் கால் மடிந்த நிலையிலேயே இறுகி, முழுதாக நீட்ட முடியாமல் போகும், பிறகு நொண்டித்தான் நடக்கவேண்டும். தலையணையைக் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள், முழங்கால் தானாக நீளட்டும். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, தொடைத் தசையை இறுக்கிப் பிடித்து விடுவது, குதிக்காலைக் கட்டிலில் இழுத்து மடக்குவது, நீட்டிய காலை உயர்த்துவது: இவற்றை இயன்மருத்துவர் சொன்னபடி செய்யவேண்டும். பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பு குளிசை, முடிந்ததும் ஐஸ். நாள் முழுக்க ஒரே மூச்சில் செய்வதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை செய்வதே வீக்கத்தைக் கூட்டாது. பயிற்சியில் வரும் நோ சிறிது நேரத்தில் அடங்கினால் சரி. மறுநாளும் வீக்கம் கூடியபடி இருந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் எங்களுக்கு "கிரந்தி" என்ற பயம் பெரிது. கத்தரிக்காய் வேண்டாம், இறால் வேண்டாம், நண்டு வேண்டாம், முட்டையும் வேண்டாம் என்று கழித்துக்கொண்டே போய்க் கடைசியில் சோறும் ரசமும் மட்டும் மிஞ்சும். காயம் ஆறப் புரதம் வேண்டும். பத்தியம் பார்க்கிற வீடென்றால் அரைத்த சரக்குத் தூள் போட்டுச் சின்ன மீனும் முருங்கைப் பிஞ்சும் வைத்துக் கறி ஆக்குங்கள். அந்தக் கறியில் புரதமும் இருக்கிறது, மாமிமாருக்கு மனத்திருப்தியும் இருக்கிறது. நீரிழிவுக்காரர் சீனி அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது நோவுக்கும் நல்லது, காயத்துக்கும் நல்லது.

இனிக் கடல். யாழ்ப்பாண நகரத்தில் இருப்பவருக்கு இல்லாத கணக்கு ஒன்று எங்களுக்கு உண்டு. புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை ஆட்களுக்குத் தரைவழி இருக்கிறது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆட்களுக்குப் படகைத் தவிர வேறு வழியில்லை. குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குச் சிறிது நேரம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவில் ஓட்டம். பல படகுகளில் விளிம்பைத் தாண்டிக் குனிந்து உள்ளே இறங்கவேண்டும். சோழகம் பெயர்ந்து அடிக்கும் மாதங்களிலும் வாடைக்காற்று நாட்களிலும் படகு ஆடும், சில நாட்கள் ஓடாது. திகதியைத் தெரிவுசெய்யும் வாய்ப்புக் கிடைத்தால், கடல் அமைதியாக இருக்கும் மாசி கடைசி, பங்குனி, சித்திரையைக் கேளுங்கள். வரிசையில் கிடைக்கும் திகதியைத்தான் எடுக்கவேண்டும் என்றால், தையல் வெட்டும்வரை, அதாவது இரண்டு கிழமையாவது, நகரத்திலோ நகரத்துக்குக் கிட்டவோ ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்குங்கள். நெடுந்தீவுக்காரருக்கு ஆறு கிழமை தங்கினாலும் நல்லதென்றே சொல்வேன். பயிற்சிக்கும் கிளினிக்குக்கும் வந்துபோகும் ஒவ்வொரு படகுப் பயணமும் காலை வீங்கவைக்கும்.

திரும்பும் நாளில் மருந்துப் பை கையில் இருக்கட்டும், சாமானோடு கட்டவேண்டாம். வானில் பின் ஆசனத்தில் காலை நீட்டியபடி இருக்க இடம்பிடியுங்கள், பஸ்ஸில் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால் குறிகட்டுவான் வரும்போது கணுக்கால் உருண்டு நிற்கும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஒப்பரேசன் செய்த கால் முதலில். படிக்கும் இதுதான் விதி, படகுக்கும் இதுதான் விதி. படகுக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டால் இரண்டு பேர் இறங்கிக் கைகொடுப்பார்கள். எங்கள் தீவுகளில் அந்த உதவிக்கு ஒருநாளும் குறைவில்லை. வீட்டில் எப்போதும் இரண்டு கிழமைக்கு மேல் மருந்து கையிருப்பில் இருக்கட்டும். 2022இல் மருந்தும் எரிபொருளும் இல்லாமல் நாடே தவித்ததை மறந்துவிட வேண்டாம்.

காயம் ஆறிய பிறகும் இரவில் உளையும். மூட்டு மாதக்கணக்கில் மற்றக் காலைவிடச் சூடாகவே இருக்கும், நடக்கும்போது "டிக்" என்று சத்தம் கேட்கும். பெரும்பாலும் இது வழமையானது. முதல் மூன்று மாதத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஒரு வருடம் வரை முன்னேற்றம் இருக்கும். ஆனால் எல்லோருக்கும் நோ முழுதாகப் போய்விடும் என்று சொல்லி யாரையும் ஏமாற்ற நான் விரும்பவில்லை. 2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, முழங்கால் மாற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீண்டகால நோ இருக்கிறது. அப்படிப்பட்டவர்களிடம் "ஒப்பரேசன் சரி, எக்ஸ்றே சரி, இனி நீங்கள் பழகவேணும்" என்று சொல்லிவிட்டு விடுவது தவறு. பிரித்தானியாவில் எட்டு வைத்தியசாலைகளில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், மூன்றாம் மாதத்திலும் நோ உள்ளவர்களைத் தனியாக அழைத்து, தொற்றா, நரம்பா, மனச்சோர்வா, வேறு மூட்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து உரியவரிடம் அனுப்பியபோது ஒரு வருடத்தில் நோ குறைந்தது. மூன்று மாதம் கழித்தும் நித்திரையைக் கெடுக்கும் நோ இருந்தால் மறுபடி கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள். இடுப்பில் இருந்தும் நாரியில் இருந்தும் வரும் நோகூட முழங்காலில் தெரியும்.

கோயிலுக்குப் போவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நயினை நாகபூசணி அம்மன் வீதியில் மெதுவாகச் சுற்றி வரலாம். அடியழித்தல் இனி வேண்டாம். ஊர்காவற்றுறையில் பூசைக்குப் போகும் அம்மாமார் முழந்தாளிடுவதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். முழந்தாளிட்டால் மூட்டு உடைந்துவிடாது, ஆனால் அநேகருக்கு அது நோவாகவும் அந்தரமாகவும் இருக்கும். வாங்கில் இருந்தபடியே செபிக்கலாம், எந்தக் குருவானவரும் அதைக் குறையாகச் சொல்லமாட்டார். வீட்டில் குந்தியிருந்து செய்யும் வேலை எல்லாவற்றையும் மேசைக்கு ஏற்றுங்கள். மேசையில் பூட்டும் தேங்காய் துருவி ஒன்று வாங்கி, திருவலையை மருமகளிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, எந்த நோவுக்குக் குளிசை போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் நோகிறது என்றால் அன்றே காட்டவேண்டும். காயத்தில் இருந்து ஊனம் வடிகிறது, சிவக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றாலும், குறைந்துகொண்டு வந்த நோ திடீரென்று ஏறுகிறது, காலை ஊன்றவே முடியவில்லை என்றாலும் அப்படித்தான். மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கவேண்டாம். பாதையுள்ள தீவுகளில் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். கடல் தாண்டிய தீவுகளில் உள்ளூர் வைத்தியசாலைக்கு உடனே போங்கள், நோயாளியை அக்கரைக்கு அனுப்பும் ஒழுங்கை அவர்கள் செய்வார்கள். பின்னேரம் மூன்று மணிக்குத் தெரிந்ததை நாளைக் காலைப் படகுக்கு என்று வைத்திருக்காதேங்கோ. அம்மா "பரவாயில்லை பிள்ளை" என்று சொன்னாலும் கேட்காதேங்கோ.